பனிச்சிறுத்தையும் உப்பு மூட்டையும்

மலையேறிவிட்டு வந்து எழுதுபவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. நகரத்தில் மனசு சரியில்லை, மலைக்குப் போனேன், அங்கே என்னைக் கண்டுகொண்டேன். இங்கிருந்து நேப்பாளம் போய்வரும் நண்பர்களின் முகநூல் பதிவுகளிலும் இதேதான். இந்த வகை எழுத்துக்கு ஒரு பாட்டன் உண்டென்றால், அது பீட்டர் மேத்திசனின் ‘த ஸ்னோ லெப்பர்ட்’ (1978). ஆனால் பேரப்பிள்ளைகளைவிடப் பாட்டன் எவ்வளவோ நேர்மையானவர்.

1973ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலருடன் மேத்திசன் டோல்போவுக்கு நடந்தார். நேப்பாளத்தின் வடமேற்கில், திபெத் எல்லையை ஒட்டிய உயர்ந்த மலைப்பகுதி அது. எவரெஸ்ட், அன்னபூர்ணா அளவுக்கு வெளியே பெயர் தெரியாது. ஷாலருக்கு பரால் என்ற காட்டாடுகளை ஆராய வேண்டும். மேத்திசன் ஜென் பயிற்சியாளர். மனைவி டெபோரா புற்றுநோயில் இறந்து இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. எட்டு வயது மகனை ஊரில் விட்டுவிட்டுக் கிளம்புகிறார். போய்ச் சேருமிடம் ஷே மடாலயம். அருகிலேயே பளிங்கு மலை. பனிச்சிறுத்தையின் தடத்தைப் பார்க்கிறார், எச்சத்தைப் பார்க்கிறார். சிறுத்தையை மட்டும் கடைசிவரை பார்க்கவில்லை.

சாதாரண எழுத்தாளர் இந்த ஏமாற்றத்தை ஒரு தத்துவமாக்கி முடித்திருப்பார். மேத்திசனும் கொஞ்சம் அப்படிச் செய்கிறார்தான். ஆனால் திரும்பி வரும் வழியில் பழைய எரிச்சலும் கோபமும் மறுபடி வந்து ஒட்டிக்கொள்வதை அவர் மறைக்கவில்லை. மலை அவரைக் குணப்படுத்தவில்லை. அதை எழுதத் துணிந்ததால்தான் இந்த நூல் இன்னும் நிற்கிறது.

என் சிக்கல் வேறு இடத்தில். குழுவில் துக்தென் என்று ஒரு செர்ப்பா வருகிறார். குடிகாரர், வம்புக்காரர் என்று கூட வருபவர்களிடமே கெட்ட பெயர். மேத்திசனோ அவரிடம் ஒரு குருவைப் பார்க்கிறார். பார்க்கட்டும். துக்தென் என்ன நினைத்தார்? இந்த வெள்ளைக்காரருக்காகச் சுமை தூக்குவதைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம்? நூலில் அதற்கு இடமே இல்லை. ஒருவரை ஞானியாக்குவதும் அவரைப் பேசவிடாமல் வைக்கும் வழிதான். பயணம் முடிந்ததும் காட்மாண்டுவின் பௌத்தநாத்தில் சந்திப்பதாகப் பேச்சு. மேத்திசன் போகிறார், துக்தென் அங்கே இல்லை. எனக்கு நூலின் உச்சம் அந்த இடம்தான். குருவாக்கப்பட்டவர் அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொள்ள வரவில்லை!

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது எரிக் வாலி இயக்கிய ‘ஹிமாலயா’ (1999) திரைப்படம். ஆஸ்கர் வெளிநாட்டுப் படப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் நேப்பாளப் படம். டோல்போ மக்களே பலர் நடித்திருக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த கிழத்தலைவர் தின்லே, கர்மா என்ற இளைஞனைச் சந்தேகிக்கிறார். யாக் மந்தையின் முதுகில் உப்பை ஏற்றிக்கொண்டு தெற்கே போய்த் தானியம் வாங்க வேண்டும். யார் தலைமை தாங்குவது என்பதுதான் சண்டை. இங்கேயும் மரணமும் துக்கமும் இருக்கின்றன. ஆனால் துக்கத்தில் உட்கார்ந்திருக்க நேரமில்லை. உப்பு போகாவிட்டால் ஊருக்குச் சாப்பாடு இல்லை. மேத்திசன் உள்முகமாக நடந்த அதே பாதையில் இவர்கள் அரிசிக்கும் சோளத்துக்கும் நடக்கிறார்கள்.

அதற்காகப் படத்தைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. வாலி, டோல்போவைக் காலமே தொடாத ஊராகக் காட்டுகிறார். ஒவ்வொரு சட்டகமும் அழகு. அந்த அழகில் வரலாறு காணாமல் போகிறது. 1959க்குப் பிறகு திபெத்தில் சீனப் பிடி இறுகியபோது, டோல்போ மக்கள் குளிர்காலத்தில் யாக்குகளை மேய்த்துவந்த எல்லைக்கப்பாலான புல்வெளிகள் கைவிட்டுப் போயின. தெற்கிலிருந்து வந்த மலிவான இந்திய உப்பு, இவர்கள் உப்பின் மதிப்பையும் குறைத்தது. கென்னத் பாயரின் ‘ஹை ஃப்ரண்டியர்ஸ்’ (2004) இதையெல்லாம் பொறுமையாகச் சொல்கிறது. கலையழகு என்று பார்த்தால் மூன்றில் அதற்குத்தான் கடைசி இடம். ஆனாலும் அதைப் படித்த பிறகு மற்ற இரண்டும் முன்போல் இருக்காது.

உள் டோல்போவுக்குள் நுழைய வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டும். நெடுங்காலம் முதல் 10 நாளுக்கு 500 அமெரிக்க டாலர். இவ்வளவு கொடுத்துப் போகிறவருக்கு அமைதியையும் விலைக்கு வாங்கிவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் 12 ஆண்டுக்கு ஒருமுறை, டிராகன் ஆண்டில், அந்த மக்கள் பளிங்கு மலையைச் சுற்றி வருகிறார்கள். 2024இலும் சுற்றினார்கள். அது தன்னைத் தேடும் தனி நடை அல்ல, ஊரே கூடும் நடை.

அடுத்த முறை மலைக்குப் போய்வந்து எழுதும் நண்பரிடம் எனக்கு ஒரே கேள்விதான். உங்கள் மூட்டையைத் தூக்கி வந்தவரின் பெயர் உங்கள் கட்டுரையில் இருக்கிறதா? பெயர் இருந்தால், அவர் வாய் திறந்து ஏதாவது பேசுகிறாரா?