சங்கு ஓய்ந்தது, சண்டைக்காட்சி தொடங்கிற்று!

வடசென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை என்றொரு பேராலை இருந்தது. 'பின்னி ஆலை' என்றால் ஊரறியும். அதன் தொழிலாளர் பட்ட அல்லல் கண்டுதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் கால்கோள் இட்டனர், வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. தம் தீந்தமிழைத் தொழிலாளர்க்கு ஈந்தார்.

1996-இல் ஆலை மூடப்பட்டது. பின்னர் அவ்வளாகத்துள் புகுந்தவர் யார்? படப்பிடிப்புக் குழுவினர்! நூல் நூற்ற கொட்டகையில் நாயகன் பத்துப் பேரைப் பந்தாடினான். தற்செயல் என்று இதனைத் தள்ளிவிடலாமா? தமிழ்த் திரை நடந்துவந்த பாதையே இதுதான் என்பேன்.

1959-இல் மெரீனாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலை எழுந்தது. பாறையைப் பெயர்க்கும் நால்வருள் தனி நாயகன் எவருமில்லை. 1964-இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்துக்குத் 'தொழிலாளி' என்றே பெயர். சுவரொட்டியில் அச்சொல்லுக்கு மதிப்பிருந்த காலம் அது!

1992-இல் வந்த 'மன்னன்' படத்தில் நாயகன் தொழிற்சங்கத் தலைவன். முதலாளி ஒரு பெண். உரிமை வழக்காகத் தொடங்கும் கதை, கணவன் மனைவிப் பூசலாகக் குறுகுகிறது. முடிவில் அவள் இல்லத்துக்குள் அடங்குகிறாள். வென்றது தொழிலாளியா? ஆண் என்னும் ஆணவமன்றோ வென்றது!

2018-இன் 'வடசென்னை' கலைத்திறம் மிக்கது. குடியிருப்பை அகற்றுவதை எதிர்க்கும் குரலும் அதில் உண்டு. ஆயினும், ஆலையும் துறைமுகமும் வளர்த்த வட்டாரம் நம் நெஞ்சில் தங்குவது கத்தியோடும் சிறையோடும்தான். 2021-இன் 'சார்பட்டா பரம்பரை' உழைக்கும் மக்களைப் பெருமையோடு காட்டியது. அதன் களமோ குத்துச்சண்டை மேடை.

அரசியல் மேடை மட்டும் என்ன வாழ்ந்தது? 'தொழிலாளி' என்று முழங்கிய இடத்தில் இன்று 'பயனாளி' என்ற சொல் அமர்ந்திருக்கிறது. பயனாளி பெற்றுக்கொள்பவர், தொழிலாளி கணக்குக் கேட்பவர். எச்சொல் ஆள்வோர்க்கு இனிக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

"ஆலைத் தொழிலாளியே அருகிவிட்டான், யாரைக் காட்டுவது?" என்பர் சிலர். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். 37 நாள் நீடித்தது. அவர்தம் கோரிக்கைகளுள் தலையாயது, தங்கள் சங்கம் ஏற்கப்படவேண்டும் என்பது. 2025 ஜனவரியில்தான் அச்சங்கம் பதிவு பெற்றது. 1918-இல் பெரம்பூர் கேட்ட அதே உரிமையை, நூறாண்டு கடந்தும் போராடியே பெறவேண்டியிருந்தது! இதனினும் பெருங்கதை எழுத்தாளர்க்கு வேறு வேண்டுமோ?

தொழிலாளி மறையவில்லை, நம் கலைஞரின் கண்தான் திரும்பிக்கொண்டது. ஆலைச் சுவரை உடைத்துக் காட்டியது போதும். அச்சுவருக்குள் நாள் முழுதும் நிற்கும் ஆணையும் பெண்ணையும், அவர் வாங்கும் கூலியையும், கேட்கும் கேள்வியையும் காட்டுங்கள். கொட்டகை நிறையுமா என்ற கவலை பிறகு இருக்கட்டும்!