ராசாக்கண்ணுவின் சாதி எங்கே போனது?

சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் போகிற வழியில்தான் கம்மாபுரம். 1993 மார்ச்சில், திருட்டுக் கேசில் அந்த ஸ்டேஷன் போலீசிடம் சிக்கிய முதனை கிராமத்து ராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். பிணத்தை மாவட்ட எல்லை தாண்டி மீன்சுருட்டிப் பக்கம் போட்டுவிட்டு, 'ஆள் தப்பி ஓடிட்டான்' என்று சொன்னார்கள். அவர் மனைவி பார்வதி, மார்க்சிஸ்ட் கட்சியின் உள்ளூர்த் தோழர்கள், வக்கீல் சந்துரு என்று சிலர் விடாமல் நின்றதால், 2006இல் உயர்நீதிமன்றத்தில் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. பதின்மூன்று வருஷம்.

இந்தக் கதைதான் 2021இல் 'ஜெய்பீம்' ஆனது. ராசாக்கண்ணு பெயர் மாறவில்லை, சந்துரு பெயரும் மாறவில்லை. பார்வதி செங்கேணி ஆனார். குறவர்கள் இருளர்கள் ஆனார்கள். இந்தக் கடைசி மாற்றத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

'ரெண்டும் பாவப்பட்ட சனந்தானே, இதுல என்ன வந்துச்சு?' என்று கேட்கிறார்கள் தோழர்கள். இருளர்கள் மீது பொய்க்கேஸ் போடுவது கற்பனை இல்லை. அதே 1993இல்தான் அத்தியூர் விஜயா என்ற இருளர் பெண்ணைப் புதுச்சேரிப் போலீசார் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் அந்த வழக்கிலிருந்து தொடங்கி இருளர்களுக்காகச் செய்த வேலையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆகவே படம் பொய் சொல்கிறது என்பதல்ல என் வாதம். இயக்குநரின் நோக்கம் என்ன என்பதும் எனக்கு முக்கியமில்லை. பிரதி என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த மாதிரிக் கதையில் பார்வையாளன் முதல் பத்து நிமிஷத்திலேயே 'இவன் திருடியிருக்க மாட்டான்' என்று நம்பியாக வேண்டும். எலிவளை, பாம்பு, பச்சிலை, செங்கல் சூளை, வாய் நிறையச் சிரிப்பு என்று காட்டியதும் நம்பிவிடுகிறான். வெள்ளந்தியான பழங்குடி என்ற பிம்பம் ஏற்கெனவே அவனிடம் தயாராக இருக்கிறது. குறவர் என்று சொல்லியிருந்தால்? அங்கேயும் ஒரு பிம்பம் தயாராகத்தான் இருக்கிறது, ஆனால் அது குற்றப்பத்திரிகை. அதை உடைக்கிற வேலை மிச்சமாகிவிட்டது. ஒரு சனத்தின் மீதான பழியைத் துடைக்க வேண்டிய கதை, அந்தச் சனத்தையே துடைத்துவிட்டது.

அந்தக் குற்றப்பத்திரிகையை எழுதியவர்கள் யார் என்பது தெரியாத விஷயமில்லை. 1871இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1911இல் நீட்டிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் கொரவர் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். இனவரைவியல் என்ற பெயரில் போலீஸ் அதிகாரிகளின் குறிப்புகள் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஸ்டேஷன் எழுதியதை அறிஞர் எடுத்துக்கொண்டார், அறிஞர் எழுதியதை ஸ்டேஷன் ஆதாரமாக்கிக்கொண்டது. சட்டம் 1952இல் நாடு முழுக்கப் போய்விட்டது. கதையாடல் போகவில்லை, ஊரில் கோழி காணாமல் போனாலும் முதலில் வாயில் வருகிற பெயர் மாறவில்லை.

தமிழ் மனசு இவர்களை ரசிக்காமலும் இல்லை. வள்ளி குறமகள். குறி சொல்லும் சிங்கியும் அவளைத் தேடும் சிங்கனும் இல்லாமல் குறவஞ்சி இல்லை, அது பரதநாட்டிய மேடை வரைக்கும் ஏறியது. கோயில் திருவிழாவில் குறவன் குறத்தி ஆட்டம் என்று ஆபாசமாக ஆடவைத்தோம். குறவர்கள் போராடிப் போராடித்தான் 2023இல் அரசு அதற்குத் தடை போட்டது. மேடையில் ஆட ஒரு குறத்தி, லாக்கப்பில் அடி வாங்க ஒரு குறவன். இதற்கு நடுவில் கூடை முடைந்து, அறுவடைக்குப் போய், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற ஒரு குடும்பத்துக்குத் தமிழ்ப் பிரதிகளில் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறோம்? பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் வேறு மொழி பேசும் வேறு சமூகம் என்பதுகூடப் படித்தவர் பலருக்குத் தெரியாது. ரெண்டையும் ஒன்றாக்கியதில் நம் சினிமாவின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்று, எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. வெள்ளந்தி என்று நிரூபித்தால்தான் அடித்துக் கொல்வது தப்பா? ராசாக்கண்ணு நிஜமாகவே நகையை எடுத்திருந்தால் அந்தச் சாவு நியாயமாகிவிடுமா? படம் நம்மை அழவைக்கிறது, இந்தக் கேள்வி பக்கம் மட்டும் போகவிடவில்லை. குறவரைக் குறவராகவே வைத்திருந்தால் கதை தானாகவே இந்தக் கேள்வியில் போய் முட்டியிருக்கும். பார்வையாளனின் சந்தேகத்தையும் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டிவரும்.

படம் வந்தபோது வட தமிழகத்தில் கிளம்பிய சண்டை வேறு. போலீஸ்காரர் வீட்டுச் சுவரில் ஒரு கணம் தெரிந்த அக்னிகுண்டக் காலண்டர் வன்னியர்களை இழிவுபடுத்துகிறது என்றார்கள். எண்ணிக்கையும் கட்சியும் உள்ளவர்கள் கேட்டார்கள், சில நாளில் காலண்டர் மாறியது. செத்தது எங்கள் ஆள் என்று குறவர்களும் சொல்லத்தான் செய்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு காலண்டர் இல்லை, முழுப் படம்.