கெலவரப்பள்ளி நுரையும் கண்ணுக்குத் தெரியாத காட்மியமும்

மழைக்காலம் வந்தால் ஓசூர் கெலவரப்பள்ளி அணையைப் பற்றி ஒரு செய்தி வரும். நீர்வரத்து இத்தனை கனஅடி, மொத்த உயரம் 44.28 அடியில் இப்போது இத்தனை அடி, மதகில் ரசாயன நுரை, விவசாயிகள் வேதனை. கூடவே பஞ்சு மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு படம். அடுத்த வருஷமும் அதேதான், தேதி மட்டும் வேற. செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆற்றின் நோயை நுரையை வைத்தே அளக்க நம்மைப் பழக்கிவிட்டது என்பதுதான் என் குறை.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி ஓசூர் அருகே நமக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரியும் இதில்தான் சேரும். சோப்பும் சலவைத்தூளும் கலந்த சாக்கடை, மதகில் விழும் நீரின் வேகம், நுரைக்கு இவை போதும். ஈயமும் காட்மியமும் நுரைக்காது. மின்முலாம், பேட்டரி, சாயம் போன்ற தொழில்களின் கழிவில் வந்தால், சத்தமில்லாமல் வண்டலில் படிந்துவிடும். நுரை அடங்கிவிட்டது என்பதற்காகத் தண்ணீர் சுத்தமாகிவிட்டதாக அர்த்தமில்லை.

சரி, அரசு சோதிக்கிறதே என்பீர்கள். எதைச் சோதிக்கிறது என்று பாருங்கள். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ‘மாசடைந்த ஆற்றுப்பகுதி’ பட்டியலைப் போடுவது பிஓடி அளவை வைத்து. லிட்டருக்கு 3 மில்லிகிராம் தாண்டினால் பட்டியலில் சேரும். அது சாக்கடையைப் பிடிக்கும் அளவுகோல். பாசன நீருக்கான ‘இ’ வகுப்பில் பார்ப்பது நாலே விஷயம்: அமில-காரத் தன்மை, மின்கடத்தும் திறன், சோடிய விகிதம், போரான். ஈயமும் இல்லை, காட்மியமும் இல்லை. நாலிலும் பாஸ் ஆன தண்ணீர் நேராகக் கீரைப் பாத்திக்குப் போகலாம்.

அதே கீரை தட்டுக்கு வரும்போது அளவுகோல் மாறிவிடுகிறது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், இலைக் காய்கறியில் கிலோவுக்கு ஈயம் 0.3, காட்மியம் 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. வயலில் கேட்காத கேள்வியைச் சாப்பாட்டில் கேட்கிறோம். அதையும் எல்லா உணவிடமும் கேட்பதில்லை. 2015 மே மாதம் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பிடித்தது. ஜூனில் ஈயம் இருப்பதாகச் சொல்லி மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுக்கத் தடை. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம், சோதித்த ஆய்வகங்களின் அங்கீகாரத்தைக் கேள்வி கேட்டு, தடையை நீக்கி மறுசோதனைக்கு அனுப்பியது. பாக்கெட்டில் கம்பெனி பெயரும் தொகுதி எண்ணும் இருந்ததால் இத்தனையும் நடந்தது. சூளகிரி கொத்தமல்லிக் கட்டில் என்ன எண் இருக்கு?

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் கொஞ்சம்தான். ஈயம் பெரும்பாலும் வேரில் நின்றுவிடும், இலைமேல் இருப்பது தூசியோடு ஒட்டியது. நன்றாக அலசினால் ஓரளவு போகும். காட்மியம் வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறிவிடும், மண் அமிலமாக இருந்தால் இன்னும் சுலபமாக. அலசினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. சிறுநீரகத்தில் தங்கினால் பாதியளவு வெளியேறவே பத்து, இருபது வருஷம் பிடிக்கும்.

விவசாயியைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு வாய்க்காலில் வருகிற தண்ணீர்தான் தண்ணீர். ‘ஓசூர் காய் விஷம்’ என்று யாரோ ஒரு வாட்ஸப் செய்தி தட்டிவிட்டால் முதலில் விழுவது அவருடைய விலைதான். அவரைக் காப்பாற்றக்கூடியது வெளிப்படையான சோதனை முடிவு மட்டுமே. இங்கே விளையும் காய் பெங்களூர் சந்தைக்கும் போகிறது. ஆக, அந்த ஊர்க்காரருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்.

ஆகவே ‘நுரை ஏன் வருகிறது’ என்று இன்னொரு தடவை கேட்பதில் பயனில்லை. கெலவரப்பள்ளி வண்டலிலும், பாசன வயல் மண்ணிலும், அங்கே விளையும் கீரையிலும் ஈயம், காட்மியம், குரோமியம் எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் அளந்தீர்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கட்டி யாரும் கேட்கலாம். ஓசூரில் இருக்கும் நண்பர்கள் கேளுங்கள்.