பின்படையில் நின்றவரின் கண்

ஸெனஃபோனின் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்குக்கூட அந்த ஒரு காட்சி எப்படியோ காதில் விழுந்திருக்கும். பாரசீகத்தின் உள்நாட்டிலிருந்து மாதக்கணக்கில் நடந்து, பட்டினி கிடந்து, பனியில் கால்விரல்களைப் பறிகொடுத்து வரும் கிரேக்கக் கூலிப்படை ஒரு மலையுச்சியை எட்டுகிறது. முன்னால் ஏறியவர்கள் கத்துகிறார்கள். கருங்கடல் தெரிந்துவிட்டது. கடல் தெரிந்தால் கிரேக்கனுக்கு ஊர் வந்த மாதிரிதான்.

சரி, இதை எழுதியவர் அப்போது எங்கே இருந்தார்? உச்சியில் இல்லை. பின்படையின் தலைவராகக் கீழே எங்கோ வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் எதிரி முன்னாலும் தாக்குகிறான் என்று நினைத்துக் குதிரையில் ஏறி, கையிலிருந்த குதிரைவீரர்களோடு உதவிக்குப் பாய்கிறார். பாதி வழியில்தான் அந்தச் சத்தம் சொல்வது என்னவென்று பிடிபடுகிறது. உலக இலக்கியத்தில் கடல் இத்தனை அழகாகத் தென்பட்ட இடங்கள் குறைவு. ஆனால் அது நமக்கு முதலில் கண் வழியாக வருவதில்லை. பின்னால் நிற்பவன் காது வழியாக வருகிறது.

ஸெனஃபோனைப் படிக்க இதுவே சரியான நுழைவாசல் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பலம் அத்தனையும் பின்னால் நின்று பார்த்ததில் இருக்கிறது. அவருடைய குறையும் அங்கேதான் இருக்கிறது.

*

கி.மு. 430 வாக்கில் ஏதென்ஸில் பிறந்தவர். வசதியான குடும்பம். சாக்ரடீஸைச் சுற்றியிருந்த இளைஞர்களில் ஒருவர். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊர் ஸ்பார்ட்டாவோடு போரில் இருந்தது. கி.மு. 404இல் ஏதென்ஸ் சரணடைந்தது. அடுத்து முப்பது பேர் ஆட்சி, உள்நாட்டுச் சண்டை, கொலைகள். அந்த முப்பதின்மரின் பக்கம் நின்ற குதிரைப்படையில் இவரும் இருந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவர் வாய் திறக்கவில்லை.

கி.மு. 401இல் புரோக்ஸெனஸ் என்ற நண்பர், பாரசீக இளவரசன் சைரஸின் படைக்கு வரச்சொல்லி அழைக்கிறார். போகலாமா என்று சாக்ரடீஸிடம் கேட்கிறார் ஸெனஃபோன். டெல்ஃபியில் போய்க் குறி கேள் என்கிறார் ஆசான். இவர் போய், எந்தத் தெய்வங்களுக்குப் பலி கொடுத்தால் பயணம் நல்லபடியாக முடியும் என்று கேட்டுவிட்டு வருகிறார். போகலாமா வேண்டாமா என்று கேட்கவே இல்லை. சாக்ரடீஸ் கடிந்துகொள்கிறார். தெய்வத்திடமே கேள்வியை மாற்றிக் கேட்கிற இந்தச் சாமர்த்தியத்தைத் தானே எழுதிவைத்திருக்கிறார் மனிதர். கேட்கவேண்டிய முதல் கேள்வியைத் தாண்டிப்போய் இரண்டாவது கேள்வியைக் கச்சிதமாகக் கேட்பது அவருடைய எழுத்து முழுக்க வரும் பழக்கம்.

சைரஸின் நோக்கம் அண்ணன் அர்டாக்ஸெர்க்ஸஸின் அரியணை. படைக்கு அது வெகுதூரம் வரை மறைக்கப்படுகிறது. பாபிலோனுக்கு அருகே குனாக்ஸாவில் மோதல். கிரேக்கர்கள் தங்கள் பக்கத்தில் ஜெயிக்கிறார்கள், சைரஸ் செத்துப்போகிறான். கூலி தரவேண்டிய ஆளே இல்லை. பிறகு பேச்சுவார்த்தை என்று கூப்பிட்ட டிஸ்ஸஃபெர்னஸ், கிரேக்கத் தளபதிகள் ஐந்து பேரைப் பிடித்துவிடுகிறான். தலைவர்கள் இல்லாத சுமார் பத்தாயிரம் பேர், எதிரி நாட்டின் நடுவில்.

‘அனபாஸிஸ்’ என்றால் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு மேலேறிப் போவது. ஏழு பகுதிகள் உள்ள நூலில் அந்தப் பெயர் முதல் பகுதிக்கு மட்டும்தான் பொருந்தும். மீதியெல்லாம் திரும்பி வருகிற கதை. முதல் பகுதியில் நடை, இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு இத்தனை நாள், இத்தனை பரசாங்கு தூரம் என்று கணக்குப்பிள்ளை ஏடு மாதிரி போகும். கிரேக்கம் படிக்கத் தொடங்கும் ஐரோப்பியப் பள்ளிப் பிள்ளைகள் கையில் தலைமுறை தலைமுறையாக இதைக் கொடுத்தார்கள். எளிய நடை என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆனால் மூன்றாம் பகுதியில் என்ன நடக்கிறது பாருங்கள். படை தூக்கமில்லாமல் கிடக்கும் இரவில், அந்தப் படையில் ஸெனஃபோன் என்ற ஏதென்ஸ்காரர் ஒருவர் இருந்தார் என்று யாரையோ அறிமுகப்படுத்துவதுபோல ஆரம்பிக்கிறார். அதற்கு முன்பு சில இடங்களில் தலைகாட்டிய ஆள்தான். இப்போதுதான் மேடைக்கு வருகிறார். எந்த வயது வரட்டும் என்று காத்திருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டு எழுகிறார். விடிவதற்குள் தளபதிகளில் ஒருவர்.

தன்னைப் படர்க்கையில் எழுதுவது புதிதல்ல, தூசிடைடீஸும் செய்தவர்தான். இவர் ஒரு படி மேலே போகிறார். தன் ‘ஹெலனிகா’வில் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அதைச் சிரக்யூஸ்காரர் தெமிஸ்டோஜெனஸ் எழுதியிருக்கிறார் என்று கைகாட்டிவிட்டுப் போகிறார். தன் புத்தகத்துக்கு அவரே வைத்துக்கொண்ட புனைபெயர் அது என்பது பழங்காலத்திலிருந்தே சொல்லப்படும் விளக்கம். தன்னைப் பற்றி இன்னொருவர் புகழ்ந்ததாக இருந்தால்தானே நம்புவார்கள்! இன்னொரு விஷயமும் உண்டு. முந்நூறு ஆண்டுகள் கழித்து டியோடோரஸ் இதே பயணத்தை எழுதும்போது கடல் வரைக்குமான வழியில் ஸெனஃபோன் பெயரே இல்லை. அங்கே தலைவர் ஸ்பார்ட்டாக்காரர் கெய்ரிசோஃபஸ். இவர் பின்னால், திரேஸில்தான் வருகிறார். ஆகவே ஸெனஃபோனின் நூலில் ஸெனஃபோன் பேசுகிற பேச்செல்லாம் எடுபடுகிறதே என்று வாசகனுக்குச் சந்தேகம் வந்தால் அது நியாயமான சந்தேகம்.

*

அப்படியிருந்தும் இந்த மனிதரை நம்பவைப்பது எது? நான்காம் பகுதிதான். அர்மீனியப் பனி.

இளையவர்கள் என்பதால் இவருக்கும் திமாஸியோனுக்கும் பின்படைப் பொறுப்பு. முன்னால் போகிறவன் வழியைப் பார்க்கிறான். பின்னால் வருகிறவன் விழுந்தவர்களைப் பார்க்கிறான். பசியில் மயங்கிச் சரிந்த ஆட்களுக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பிட ஏதாவது கிடைத்தால் எழுந்துவிடுவார்கள் என்று அனுபவசாலி ஒருவர் சொன்ன பிறகு, பொதிமாடுகளைச் சுற்றிவந்து இருந்ததைப் பொறுக்கி ஊட்டுகிறார். பனியின் வெளிச்சத்தில் கண் போகாமலிருக்கக் கறுப்பாக எதையாவது கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். இரவில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வார் சதைக்குள் இறங்கி உறைந்துவிடும். வெந்நீர் ஊற்று ஒன்றின் பக்கத்தில் பனி உருகிக் கறுப்பாகத் தெரிந்த தரையில் சிலர் உட்கார்ந்துவிட்டார்கள். எதிரி வருகிறான், எழுந்திரு என்று கெஞ்சிப் பார்க்கிறார், கோபப்பட்டுப் பார்க்கிறார். எங்களை இங்கேயே வெட்டிப்போடு என்கிறார்கள். வீரம் என்ற சொல்லுக்கு இடமே இல்லாத பக்கங்கள் இவை.

கடலை எட்டியபின் படை அவரை விசாரிக்கிறது. சிப்பாய்களை அடித்தார் என்று குற்றச்சாட்டு. கோவேறு கழுதை ஓட்டி வந்த ஒருவன் எழுந்து நிற்கிறான். ஸெனஃபோனுக்கு அவனை அடையாளம் தெரிகிறது. நடக்கமுடியாத நோயாளி ஒருவனைச் சுமந்துவரச் சொல்லி அவனிடம் ஒப்படைத்திருந்தார். பிறகு வந்து பார்த்தால் அவன் குழி வெட்டிக்கொண்டிருக்கிறான். செத்தவனைப் புதைக்கிறானே என்று முதலில் பாராட்டுகிறார். அப்போது கிடந்தவன் காலை மடக்குகிறான். உயிர் இருக்கிறது என்று சுற்றி நின்றவர்கள் கத்த, இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், என்னால் தூக்கமுடியாது என்கிறான் கழுதைக்காரன். அப்போதுதான் அடி விழுந்தது. விசாரணையில் கழுதைக்காரன் கேட்கிறான்: அடித்துத் தூக்கவைத்தீர்களே, அவன் சாகாமல் இருந்தானா? எல்லோரும்தான் சாகப்போகிறோம், அதற்காக உயிரோடு புதைத்துவிடலாமா என்பது பதில். இன்னும் நாலு போட்டிருக்கவேண்டும் என்று கூட்டம் கத்துகிறது.

இதுவும் சுயபுராணம்தானே என்று கேட்கலாம். ஆமாம். முடிவில் கைதட்டு அவருக்குத்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, தன்னைப் பெரிய ஆளாகக் காட்ட நினைக்கிறவன் அந்த நோயாளி கடைசியில் பிழைத்தான் என்று எழுதியிருப்பான். இவர் எழுதவில்லை. கழுதைக்காரன் கேள்வியை மழுப்பவும் இல்லை. மடங்கிய அந்தக் கால் கற்பனையில் வருவது அல்ல. கூட நின்று பார்த்தவன் கண்ணில் பட்டது.

*

இப்போது மறுபக்கம். இந்தப் படை வழியெல்லாம் ஊர்களைக் கொள்ளையடித்துத்தான் சாப்பிட்டது. தாவோகியர் என்ற மலைமக்களின் கோட்டையைப் பிடிக்கும்போது, பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பாறையிலிருந்து வீசிவிட்டுத் தாங்களும் குதிக்கிறார்கள். ஆண்களும் குதிக்கிறார்கள். நல்ல உடை அணிந்த ஒருவனைத் தடுக்கப்போன கிரேக்க அதிகாரியும் அவனோடு சேர்ந்து உருண்டு சாகிறான். கொடுமையான காட்சி என்று ஸெனஃபோன் சொல்கிறார். உடனே, ஆட்கள் கொஞ்சம்தான் அகப்பட்டார்கள், மாடுகளும் கழுதைகளும் ஆடுகளும் ஏராளம் என்று கணக்கு. இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் எதுவும் இல்லை. அந்தப் பெண்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. டெல்ஃபியில் கேட்காமல் விட்ட கேள்வியைப் போலத்தான்.

கெரஸூஸில் தலை எண்ணும்போது 8,600 பேர் இருந்தார்கள். பிடித்துவந்தவர்களை விற்ற பணத்தை அங்கேதான் பங்கு பிரித்தார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு அப்போலோவுக்கும் ஆர்ட்டெமிஸுக்கும். பின்னாளில் ஏதென்ஸ் அவரை நாடுகடத்த, ஸ்பார்ட்டா ஒலிம்பியாவுக்கு அருகில் ஸ்கில்லஸில் இடம் கொடுக்கிறது. ஆர்ட்டெமிஸுக்கான பங்கில் அங்கே நிலம் வாங்கிக் கோயில் எழுப்புகிறார். மீன் துள்ளும் ஆறு, பழத்தோட்டம், ஆண்டுத் திருவிழா, அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் விருந்து, பிள்ளைகள் ஓடும் வேட்டை. அவர் எழுதியவற்றில் மனம் நிறைந்த பக்கங்கள் இவை. அந்த நிலத்தின் விலை எங்கிருந்து வந்தது என்பதையும் அதே இடத்தில் அவரே சொல்லிவிடுகிறார், எந்த உறுத்தலும் இல்லாமல்.

ஸ்பார்ட்டாவுக்குப் பட்ட கடன் அவருடைய வரலாற்றிலும் தெரிகிறது. தூசிடைடீஸ் நிறுத்திய கி.மு. 411இல் தொடங்கும் ‘ஹெலனிகா’ கி.மு. 362 வரை வருகிறது. இடையில் கி.மு. 371இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவை நொறுக்கியவர் தீப்ஸின் எபாமினோண்டாஸ். அந்தப் போரை விவரிக்கும் இடத்தில் அவர் பெயர் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஸ்பார்ட்டாவுக்கு அடிமைப்பட்டிருந்த மெஸ்ஸீனியர்கள் அடுத்த சில ஆண்டுகளில் விடுதலையாகி ‘மெஸ்ஸீனி’ என்ற நகரத்தை எழுப்பினார்கள். அதுவும் இல்லை. ஏதென்ஸ் அமைத்த இரண்டாம் கூட்டணி? அதுவும் இல்லை. 1906இல் எகிப்தின் ஆக்ஸிரின்கஸில் அதே காலத்தை எழுதிய இன்னொரு வரலாற்றாசிரியரின் பாப்பிரஸ் துண்டுகள் கிடைத்தபோது, ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மத்தியில் ஸெனஃபோனின் மதிப்பு இன்னும் இறங்கியது. மறதி என்று இதையெல்லாம் தள்ளிவிட முடியாது. விழுந்தவனைப் பார்க்கத் தெரிந்தவர்தான், விழுந்தவன் தன் அணியைச் சேர்ந்தவனாக இருந்தால்.

*

இத்தோடு தீர்ப்பு எழுதி மூடிவிடலாம். ‘ஹெலனிகா’வின் கடைசிப் பக்கங்கள் விடுவதில்லை.

லூக்ட்ராவுக்குப் பிறகு ஸ்கில்லஸும் கையைவிட்டுப் போயிற்று. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் இப்போது ஒரே அணி. அவருடைய பிள்ளைகள் ஏதென்ஸ் படையில் இருந்தார்கள். கி.மு. 362இல் மந்தினியாவுக்கு வெளியே ஏதென்ஸ் குதிரைப்படை வந்து இறங்குகிறது. அவர்களும் சாப்பிடவில்லை, குதிரைகளும் சாப்பிடவில்லை என்று எழுதுகிறார் ஸெனஃபோன். அர்மீனியப் பனியில் பார்த்த அதே கண். எதிரில் தீப்ஸ், தெஸ்ஸலி குதிரைவீரர்கள், அந்தக் காலத்தில் தலைசிறந்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். பசியோடு போய் மோதி, மந்தினியாக்காரர்கள் ஊருக்கு வெளியே வைத்திருந்ததையெல்லாம் காப்பாற்றினார்கள். அவர்களில் நல்ல ஆட்கள் இறந்தார்கள் என்கிறார். அவ்வளவுதான்.

அந்த நல்ல ஆட்களில் ஒருவன் கிரில்லஸ், அவருடைய மகன்.

அவனுக்கு இரங்கற்பாக்களும் புகழுரைகளும் எழுதியவர்கள் எண்ணற்றவர்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாக டியோஜெனஸ் லேர்ஷியஸ் குறித்திருக்கிறார். பலி கொடுத்துக்கொண்டிருந்தபோது சேதி வந்ததாம், தலைமாலையைக் கழற்றினாராம், வீரமாகச் செத்தான் என்று கேட்டதும் திரும்ப அணிந்தாராம் என்ற கதையையும் அவரே தருகிறார். பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதை, உண்மையோ இல்லையோ. ஊர் முழுக்கப் பாடியிருக்கிறது. அப்பன் தன் வரலாற்றில் பெயரைக்கூட எழுதவில்லை. தன்னைப் பற்றி எழுத இன்னொரு பெயரைக் கண்டுபிடித்த மனிதர் இங்கே மகனின் பெயரை விட்டுவிட்டார்.

மெஸ்ஸீனியைச் சொல்லாமல் விட்ட கைதான் கிரில்லஸையும் சொல்லாமல் விட்டது. முதல் மௌனம் ஒரு கட்சிக்காரனின் மௌனம். அதை மன்னிக்க வேண்டியதில்லை. இரண்டாவதைக் கட்டுப்பாடு என்று சொல்லலாம், துக்கம் என்று சொல்லலாம், எல்லாத் தகப்பன்மாரின் பிள்ளைகளோடும் தன் பிள்ளையைச் சேர்த்து வைத்தது என்றும் சொல்லலாம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கும் விமர்சனம் இந்த எழுத்தாளருக்குச் சரிப்படாது.

இதுவரை படிக்காதவர்கள் ‘அனபாஸிஸை’ முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டாம். பரசாங்குக் கணக்கில் அலுத்துப்போகும். நான்காம் பகுதியில் தொடங்கி, கழுதைக்காரன் வரும் ஐந்தாம் பகுதியின் கடைசி அத்தியாயம் வரை போகலாம். பிறகு ‘ஹெலனிகா’வின் கடைசி அத்தியாயம். எபாமினோண்டாஸ் அங்கே ஒருவழியாகப் பெயரோடு வருகிறார், அவருடைய திறமைக்குரிய பாராட்டும் கிடைக்கிறது. போர் முடிந்த பிறகு கிரேக்கத்தில் குழப்பம் முன்பைவிட அதிகமாயிற்று, இனி நடந்ததை வேறு யாராவது எழுதட்டும் என்று சொல்லி அவர் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறார்.