பூம்பாவையும் பணிவின் பயனும்

இறைவனுக்குப் பணிந்தொழுகுவார் நல்வாழ்வு எய்துவர் என்பது சமய நூல்கள் பலவற்றுக்கும் பொதுவாய கருத்து. அந்நல்வாழ்வு யாது என்பதே ஆராயத்தக்கது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அருளிய மயிலைப் பூம்பாவைப் பதிகம் இதற்கு விடை தருகின்றது. இறந்த பெண்ணை விளித்துரைக்கும் அப்பதிகம் அவட்குச் செல்வத்தையோ வீட்டின்பத்தையோ காட்டி அழைக்கவில்லை. அடியார்க்கு அமுதூட்டல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எனக் கபாலீச்சரத்து விழாக்களையே காட்டுகின்றது. ஊரோடு கூடி வழிபடுதலே வாழ்வு என்பது பதிகத்தின் உட்கோளாம்.

பணிவும் பயன் கருதிய வாணிகமே என்பார் உளராயின், அவர்க்குச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் யாத்த பெரியபுராணம் மறுமொழியாகும். வணிகராகிய சிவநேசர் தம் மகள் சம்பந்தர்க்கே உரியள் எனக் கொண்டிருந்தார். அரவு தீண்டி இறந்த அவள் உயிர்பெற்று எழுந்தபின், தம் பதிகத்தால் மீளப் பிறந்தமையின் தமக்கு மகள் முறையினள் எனச் சம்பந்தர் மணத்தை மறுத்தார். தந்தையார் வருந்தினார், எனினும் அவ்வுரைக்கு அடங்கினார். வேண்டியது கிட்டாதவிடத்தும் தளராது நின்ற இதனையே மெய்ப்பணிவு என யாம் கொள்கின்றோம். பூம்பாவையின் உளக்கருத்தைப் புராணம் விரித்துரையாமை குறையே.

பங்குனிப் பெருவிழாவில் இந்நிகழ்ச்சி மயிலையில் இன்றும் நிகழ்த்திக் காட்டப்படுகின்றது. விழாக் காண அழைக்கப்பட்டவளே விழாவாயினாள். பணிவுக்குக் கூலி வேறில்லை. அவ்வாழ்வில் பங்குகொள்ளுதலே அதன் பயன்.