அவலமும் கருணையும்: தமிழ்க் கிறித்தவக் கவிதையில் துன்பத்தின் பொருள்

முன்னுரை

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் குருடனாய்ப் பிறந்தது இவன் செய்த பாவத்தாலா, இவனைப் பெற்றவர் செய்த பாவத்தாலா என்று இயேசுவிடம் வினவியதாக யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் கூறுகிறது. தமிழ் வாசகர்க்கு இவ்வினா புதியதன்று. கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறப்பில் அவன் இழைத்த தீங்கைக் காரணமாகக் காட்டும் சிலப்பதிகாரமும் இத்தகைய வினாவுக்கே விடை தருகிறது. இயேசுவோ சீடர்கள் முன்வைத்த காரணங்கள் இரண்டையும் மறுக்கிறார். சீலோவாம் கோபுரம் சரிந்து 18 பேர் மாண்டதைப் பற்றி லூக்கா நற்செய்தியில் பேசும்போதும், மாண்டவர் மற்றவரினும் பெரிய பாவிகள் என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை.

காரணம் காட்டும் வழி இவ்வாறு அடைபட்ட பின்னரும், கிறித்தவ நம்பிக்கை துன்பத்தில் பொருள் காண முயல்கிறது. இம்முயற்சி தமிழ்க் கவிதையில் எவ்வாறு வடிவம் பெற்றது என்பதை வீரமாமுனிவர், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆகிய மூவரின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மூவரும் துன்பத்திற்கு விளக்கம் தரும் இடங்களைக் காட்டிலும், பிறர் துன்பத்தோடு உடன்நிற்கும் இடங்களிலேயே சிறக்கின்றனர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அழுகையின் களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்னைய நல்ல நிலை கெட்டு வருந்துதல் அசைவு. நுகர்வதற்கு ஏதுமற்ற நிலை வறுமை. உரையாசிரியர் பேராசிரியர் இன்னொரு பாகுபாட்டையும் தருகிறார். தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என அழுகை இருவகைப்படும் என்பதும், அவற்றுள் ஒன்று அவலம், மற்றொன்று கருணை எனப் பெயர் பெறும் என்பதும் அவர் கருத்து. தமிழ்க் கிறித்தவக் கவிதையை மதிப்பிட இப்பாகுபாடு பெரிதும் துணைசெய்கிறது. தன் அழுகை பிறர்க்கான அழுகையாக மாறும் இடத்தில்தான் இக்கவிஞர்கள் துன்பத்தின் பொருளைக் காண்கின்றனர்.

இழவு: கானகத்தில் தனித்த மகன்

வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) சூசையப்பரை வளன் என்னும் பெயரில் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களால் இயன்றது. அரச மரபிற் பிறந்தவர் தச்சுத்தொழிலால் வாழ்ந்து, குழந்தையைக் காக்க எகிப்துக்குப் பெயரும் கதையில் அசைவு என்னும் களன் விரிவாக இடம்பெறுகிறது. ஆயினும் அந்நூலில் அவலம் உச்சமடையும் பகுதிகளுள் ஒன்று, கருணையன் எனப்படும் திருமுழுக்கு யோவான் தன் தாய் எலிசபெத்தை இழந்து கானகத்தில் புலம்பும் இடமாகும். எலிசபெத்தின் இறப்பை விவிலியம் கூறவில்லை. விவிலியத்திற்குப் புறம்பான மரபைத் தழுவி, தமிழ்ப் புலம்பல் மரபுக்கு முழு இடம் தரும் காட்சியாக முனிவர் இதனை விரித்துள்ளார்.

மகன் கைகுவித்து வேண்டித் தாயைக் குழியில் மலர்ப்படுக்கை மேல் கிடத்துகிறான். பின்னர், தாயின் சொல்லாகிய மழை நின்றமையால் மணி பிடிக்கும் முன்னரே காய்ந்த பயிராகத் தன்னைக் காண்கிறான். உயிர் பிழைக்கும் முறை, உணவு தேடும் முறை, காட்டில் செல்லும் வழி ஆகிய எவற்றையும் அறியேன் என்று அடுக்குகிறான். அறிந்தது தாயின் கைச்செயல் ஒன்றே. அவளும் தனியே விட்டுப் போய்விட்டாள். மரங்களும் சுனைகளும் அவனோடு சேர்ந்து அழுவன போல ஒலிக்கின்றன.

இப்புலம்பலில் விண்ணுலக இன்பம் ஆறுதலாகக் கூறப்படவில்லை; இறப்புக்குக் காரணமும் தேடப்படவில்லை. துறவியான கவிஞர், ஆண்டவருக்கு முன்னோடியாக வரவிருக்கும் ஒருவனைத் தாயற்ற பிள்ளையாகவே அழவிடுகிறார். நம்பிக்கை அழுகையைத் தடுக்க வேண்டுவதில்லை என்பது இங்குச் சொல்லப்படாமலே பெறப்படுகிறது.

ஆண்டவரின் வழியை ஆயத்தம் செய்பவர் என்று நற்செய்திகள் யோவானைக் குறிப்பிடுகின்றன. அவருடைய குரல் எழுவதும் பாழ்நிலத்திலேயே. அவரையே கானகத்தில் வழியறியேன் என்று இக்காப்பியம் கதறவைக்கிறது. பிறர்க்கு வழி காட்டவிருப்பவர் வழியற்ற நிலையைத் தாமே அறிந்தவர் என்னும் இயைபு இதனால் அமைகிறது. இழப்பின் பொருள் இழந்த நாளில் வெளிப்படுவதில்லை. அது பின்னர் ஒருவருடைய பணியில், பிறர்க்கு உதவும் வடிவில் வெளிப்படுகிறது. இறைவன் அருளினான் என்னும் பொருள்தரும் எபிரேயப் பெயரைக் கருணையன் என்று தமிழாக்கிய முனிவரின் சொல்லாட்சி, பேராசிரியரின் பாகுபாட்டோடு வியப்புறப் பொருந்துகிறது.

காப்பியம் முழுதும் இச்செறிவு நிலைக்கிறது என்று கூறவியலாது. வளனின் முடிசூட்டில் முடியும் கதைப்போக்கு, துன்பங்களை வெற்றிக்குரிய படிகளாக அடுக்க முற்படுகிறது. வெற்றியைப் பாடும் பகுதிகளில் அணிநலம் மிகுகிறது. வாசகர் நெஞ்சில் நிலைப்பதோ கானகத்துப் புலம்பல்.

இளிவு: கட்டுண்டவரின் பொறுமை

கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவியது. பனியனின் நூலில் சிலுவையைக் கண்ட பயணியின் முதுகுச் சுமை கழன்று விழுகிறது. இயேசுவின் பாடுகள் அங்கே விரித்துரைக்கப்படவில்லை. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் அவற்றை விரிவாகப் பாடுகிறார். தனிமனிதனின் சுமை நீங்குவதோடு அவர் நிறைவடையவில்லை. அச்சுமையை ஏற்றவர் பட்ட இழிவையும் வாசகர் காண வேண்டும் என்று கருதினார்.

அங்கே இயேசு கயிற்றால் கட்டுண்டு நிற்கிறார். அவரைப் பிணித்தது மானிடர் மேல் கொண்ட அன்பே என்கிறார் கவிஞர். கண்டு நிற்கும் மக்கள், இக்கொடியவரை மண் பிளந்து விழுங்காதது ஏன், வானம் இடிந்து விழாதது ஏன், கடல் வற்றாதது ஏன் என்று புலம்பி, இவருடைய பொறுமைதான் காரணமோ என ஐயுறுகின்றனர். தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைப் பொறைக்கு உவமையாக்கிய திருக்குறளைக் கற்ற வாசகர்க்கு இவ்வினாவின் கூர்மை விளங்கும். குறளில் நிலத்தின் தாங்குதல் போற்றப்படுகிறது. இங்கே அதே தாங்குதல் மக்களுக்குப் பொறுக்கவொண்ணாததாகிறது.

ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையிலிருந்து இறையியல் பேசுவோர் எழுப்பும் தடை இங்குக் கருதத்தக்கது. துன்பத்திற்குப் பொருள் உண்டு என்னும் போதனை, வருந்துவோரை வாளாவிருக்கச் செய்யும் கருவியாகிவிடாதா என்பது அவர்தம் கேள்வி. தேவையான கேள்வி அது. யாத்திரிகத்தின் இக்காட்சி அதற்கு ஒருவகையில் இடங்கொடுத்தே அமைந்துள்ளது. இதில் பொறுமை, அழிக்கும் ஆற்றல் உடையவரின் பண்பு. ஆற்றலற்றோர் மேல் சுமத்தப்பட்ட கடமையாக அது பேசப்படவில்லை. மேலும், காண்பவர் வாய்மூடி நிற்கவில்லை. அநீதியை அநீதி என்றே கூறி அழுகின்றனர். தன் வருத்தத்தில் பிறந்த அவலமாக இல்லாமல், பிறரது இழிவைக் கண்டு எழுந்த கருணையாக அவ்வழுகை அமைகிறது.

நூலின் உருவக அமைப்பு பல இடங்களில் துன்பத்தைக் குணப்பெயர் தாங்கிய மாந்தராகச் சுருக்கிவிடுவது உண்மை. இப்படலத்தில் அக்குறை இல்லை.

வறுமை: பஞ்சத்தின் முன்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது வேதநாயகம் பிள்ளை தம் பொருளைப் பசித்தவர்க்கு வழங்கினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைப் பாடிப் போற்றினார். பஞ்சம் தீர்க்குமாறு இறைவனிடம் முறையிடும் கீர்த்தனங்களையும் பிள்ளை இயற்றினார். கத்தோலிக்கரான அவர், பல சமயத்தவரும் சேர்ந்து பாடத்தக்க மொழியிலேயே கீர்த்தனங்களை அமைத்தார். காப்பியத்தின் ஆழத்தை இவ்வடிவில் எதிர்பார்க்கவியலாது. ஆயினும் மற்ற இருவரிடம் சொல்லளவில் நின்றது இவரிடம் செயலோடு இணைகிறது. பசிக்குக் காரணம் தேடுதலைவிட, பசித்தவர்க்காக முறையிடுதலும் சோறிடுதலுமே அவர் பாடல்களுக்குப் பொருள் தருகின்றன.

முடிவுரை

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவருள் ஞாயிறு மறைப்பள்ளிக்கு வந்திருந்த குழந்தைகளும் இருந்தனர். துன்பத்தின் பொருள் பற்றித் தமிழில் எழுதப்படும் எந்தச் சொல்லும் அப்பெற்றோர் முன் சொல்லத்தக்கதா என்னும் உரைகல்லில் தேறியாக வேண்டும். தண்டனை, சோதனை, பயிற்சி என்னும் விளக்கங்கள் அங்கே தேறா. யோபுவின் நண்பர்கள் கூறிய விளக்கங்களை இறைவனே கடிந்தான் என்பது விவிலியத்தின் சான்று.

கானகத்துப் புலம்பல் அங்கே சொல்லத்தக்கது. அது அழுகையை அளந்து குறைப்பதில்லை. மண் பிளவாதது ஏன் என்னும் வினாவும் சொல்லத்தக்கது. அது கொடுமைக்குச் சமாதானம் கூறுவதில்லை. பசித்தவர்க்கான முறையீடும் சொல்லத்தக்கது; அது கையைத் திறந்த பின்னரே வாயைத் திறக்கிறது. தமிழ்க் கிறித்தவக் கவிதையின் இப்பகுதிகள் சமய இலக்கிய வரலாற்றுக்குள் மட்டும் அடங்குபவை அல்ல. அவலம் கருணையாகும் வழியைத் தமிழ் மெய்ப்பாட்டு மரபிலேயே நின்று காட்டிய ஆக்கங்களாக அவை மீண்டும் வாசிக்கப்பட வேண்டும்.