மேலவையும் என் கூடுதல் ஓட்டும்

தமிழ்நாட்டு மேலவைன்னு பேச்செடுத்தாலே 1986-க்குப் போய்விடுவார்கள். வெண்ணிற ஆடை நிர்மலா நியமனச் சர்ச்சை, எம்ஜிஆர் அரசு தீர்மானம், நவம்பர் 1-ல் கலைப்பு. 1952-ல் ராஜாஜி நியமன உறுப்பினராக வந்தே முதல்வரானதும் பேச்சில் வரும். 2010-ல் கலைஞர் மீட்கப் பார்த்தார், 2011-ல் ஜெயலலிதா நிறுத்தினார். எல்லாமே ஆளை வைத்து நடந்த சண்டை.

எனக்கு உறுத்துவது அரசியல் சட்டத்தின் 171-ஆவது பிரிவு. மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பது, அதே அளவு ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பது. பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆனால் போதும். கொட்டச்சேட்டில் இதைப் பொருத்திப் பாருங்கள். பி.இ. படித்த எனக்கு ஒரு ஓட்டு கூடுதல்; காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற அக்காவுக்குக் கிடையாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கூட அந்த ஆசிரியர் கணக்கில் வரமாட்டார், உயர்நிலைப் பள்ளிக்குக் குறையக் கூடாதாம்! (பக்கத்துக் கர்நாடகத்தில் இன்றும் இதே ஏற்பாடுதான்.)

மேலவை திரும்ப வரட்டும், வராமல் போகட்டும். ஆனால் படிப்புக்கு ஓட்டு என்பது போயே ஆகணும். அதற்கு அரசியல் சட்டத் திருத்தம்கூட வேண்டாம்; நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றலாம் என்று 171(2) சொல்கிறது. 2010-ல் அந்த வாய்ப்பு கையில் இருந்தது. பழைய கணக்கையே போட்டார்கள்: 78 இடத்தில் பட்டதாரிகளுக்கு 7.